ராகு காலத்தில் நடக்காத ஜப்பான்காரர்கள்

நாட்டில் பாதிச் சுவர்களுக்கு நாளும் கிழமையும் சொல்லிக்கொடுக்கிற ஊர் வெயிலுகந்தபுரம். மழை மறந்துகூட எட்டிப் பார்க்காத அந்தக் கரிசல் ஊரில் அச்சு மிஷின் ஓடுகிற சத்தம் நின்றுபோனால் தொட்டில் பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழும். அய்யாத்துரை ஆப்செட் அச்சாபீஸ் அடித்த மாதக் காலண்டரில் ஜப்பான்காரர்கள் நடக்க ஆரம்பித்த வருஷமும், அய்யாத்துரையின் மருமகள் சோலைராணி எங்கேயும் போக முடியாமல் வீட்டுக்குள் இருந்த வருஷமும் ஒன்றுதான்.

படங்கள் வந்த கதையில் மாயம் ஒன்றும் இல்லை. மிஷின் விற்க வந்த ஜப்பான் கம்பெனி ஆள், மிஷின் விற்காவிட்டாலும் மரியாதை குறையக் கூடாது என்று ஒரு ஆல்பத்தை அய்யாத்துரை கையில் கொடுத்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போனான். அந்தக் காலத்தில் அந்த நாட்டில் எடோ என்ற ஊரிலிருந்து கியோட்டோ என்ற ஊருக்குக் கடலோரமாக ஒரு பெருவழி மேற்கே போயிருக்கிறது. அந்த வழியில் நடந்தவர்களை, சுமை தூக்கிகளை, குதிரைக்காரர்களை, சத்திரத்து வாசலில் ஆள் பிடிக்கிற பெண்களை எல்லாம் யாரோ ஒரு மகராசன் வரைய, இன்னொருவன் அதை மரக்கட்டையில் செதுக்க, மற்றொருவன் வண்ணத்துக்கு ஒரு கட்டையாக மாற்றி மாற்றித் தாளில் ஒற்றி எடுத்திருக்கிறான். அய்யாத்துரை கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வண்ணம் வண்ணத்தின் மேல் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், தன் நாலு கலர் மிஷினை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், பிறகு வரைந்தவன் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் சண்டைக்கு வர மாட்டான் என்று கணக்குப் போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டருக்கு இதுதான் என்று முடிவு செய்தார்.

ஆனாலும் உள்ளதை உள்ளபடியே அடித்துவிட்டால் அப்புறம் வெயிலுகந்தபுரத்துக்காரனுக்கு என்ன மரியாதை. படத்தில் வானம் வெறுமனே கிடந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. காலி இடத்தைக் காலியாக விடுவது காலண்டர் தொழிலில் பாவம். ஆகவே வானம் முழுக்க, விடியற்காலைச் சிவப்பின் மேலே, சண்முகா ஹார்டுவேர்ஸ், பெயிண்ட், பைப், ஆணி வகைகள் கிடைக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டார். பனி விழுகிற படத்தைப் பார்த்தாலே குளிருமே என்று அதைத் தூக்கிக் கத்திரி வெயிலுக்கு, மே மாதத்தில் வைத்தார். தேதிக் கட்டங்களுக்குள் ராகு காலம், எமகண்டம், அஷ்டமி, நவமி, எந்தக் கிழமையில் எந்தத் திசைக்குச் சூலம், அந்தத் திசையில் போயே தீர வேண்டுமென்றால் என்ன பரிகாரம் என்பதையெல்லாம் பொடியெழுத்தில் நிரப்பினார். பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பொடியெழுத்தைப் பிழை திருத்தியவள் சோலைராணி. பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, நில அளவைக்காரி ஆக வேண்டும் என்று தேர்வு எழுதிவிட்டு, முடிவு வருகிற வரைக்கும் மாமனார் அச்சாபீசில் ராகு கேதுவைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

தை பிறப்பதற்குள்ளேயே விஷயம் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கோமதியக்கா தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து, காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"ஏத்தா சோலை, எங்க வீட்டுக் காலண்டர்ல ஆளுக பாலத்தத் தாண்டிட்டாக. உங்க வீட்டுல எப்படி?"

சோலைராணி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நடுப்பாலத்துல நிக்கிறாகக்கா. ஒருத்தன் மட்டும் மேல பாத்துக்கிட்டு இருக்கான்."

"ஆணி வகைகள்னு எழுதியிருக்கிறத வாசிக்கிறான் போல" என்று சொல்லிவிட்டுக் கோமதியக்கா, தன் வீட்டு ஆட்கள் முந்திவிட்ட நிம்மதியோடு மிஷினுக்குத் திரும்பினாள்.

அவ்வளவுதான் அந்த ஊர் ஆச்சரியப்பட்டது. பார்த்துக்கொண்டே இருந்தால் நகர மாட்டார்கள், கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஒரு விரற்கடை நகர்ந்திருப்பார்கள், மாதக் கடைசியில் தாளின் இடது ஓரத்தில் மூட்டை முடிச்சோடு கூடி நிற்பார்கள், தாளைக் கிழித்ததும் அடுத்த மாதத்தின் வலது ஓரத்திலிருந்து புழுதி தட்டிக்கொண்டு உள்ளே வருவார்கள். கிழிக்க மறந்த சோம்பேறி வீடுகளில் அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றதில் ஒரு குதிரை யார் காலையோ மிதித்துவிட்டது என்று பேச்சு. கிழித்துப்போட்ட தாள்களில் ஆள் அரவமற்ற சாலை மட்டும் மிஞ்சியது. அதை வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கு அட்டை போட்டார்கள். அந்த வருஷம் வெயிலுகந்தபுரத்துப் பிள்ளைகள் எல்லோரும் வெறுஞ்சாலையை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனார்கள்.

வேறு ஊராக இருந்தால் விஞ்ஞானியைக் கூப்பிட்டிருப்பார்கள். இந்த ஊர், யார் வீட்டு ஆட்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்த்தார்கள். வியாபாரிகள் சங்கம் கூடி, பயணிகள் சுறுசுறுப்பாக நடக்கிற கடைகளில்தான் சரக்கு சுத்தமாக இருக்கும் என்று தீர்மானம் போட்டது. அப்புறம், எல்லா விஷயமும் கடைசியில் எங்கே போய் நிற்குமோ அங்கே இதுவும் போய் நின்றது. இவர்கள் நம்மில் யார்? கூட்டத்தில் இடுப்பில் இரண்டு வாள் செருகியிருந்த வீரனை ஊரில் இருக்கிற எல்லா ஜாதியும் தன் ஆள் என்றது. ஒரு சங்கம் அவனுக்கு மாலை போட்ட படத்தை பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனராகவே வைத்தது. பாலமில்லாத ஆற்றில் இடுப்புத் துணியோடு இறங்கி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறானே, அந்தச் சுமைகாரனை எங்கள் ஆள் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அவன்தான் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

ஊருக்கே புல்லரித்தது வேறொன்றில். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறுவரை ஜப்பான்காரர்கள் ஓரடிகூட நகர்வதில்லை. திங்கட்கிழமை காலை ஏழரையிலும் அப்படியே. மழையில், மலையில், புயலடிக்கிற கடலோரத்தில் எதற்கும் நிற்காமல் நடந்தவர்கள், தங்கள் காலடியில் அச்சடித்திருந்த ராகு காலத்துக்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மேற்கே போகிறவர்கள் என்பதால் வெள்ளியும் ஞாயிறும் சூலம் வேறு. சோலைராணியின் மாமியார் வேலம்மாள் காலண்டருக்கு முன்னால் நின்று கண் கலங்கினாள்.

"பாத்தியா, சப்பான்காரனுக்குத் தெரியுது. நம்ம ஊர்ல படிச்சதுகளுக்குத் தெரிய மாட்டேங்கு."

படிச்சது ஒன்றே ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்தது. அது அப்போது அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தது.

மேற்குச் சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம். ஆகவே வெள்ளியும் ஞாயிறும் ஊரெல்லாம் காலண்டருக்கு அடியில் ஒரு கட்டி வெல்லம் வைத்தார்கள், ஜப்பான்காரர்களும் நடந்தார்கள், எறும்புகளும் சுவரேறி வந்து கூடவே நடந்தன. மே மாதத்தில் அவர்கள் முழங்கால் பனியில் மாட்டிக்கொண்டபோது வெயிலுகந்தபுரத்துப் பெண்கள் கத்திரி வெயிலில் வேர்க்க விறுவிறுக்கச் சுக்குக் காப்பி போட்டுக் காலண்டருக்கு முன்னால் ஆவி பறக்க வைத்தார்கள். சோலைராணியின் புருஷன் குணசீலன் அந்த மாதம் முழுக்க வீட்டில் மின்விசிறி போட விடவில்லை.

"பாவம் சோலை, நடுங்குறாக" என்றான். மெல்லிய மனசுக்காரன். அவன் மனைவி மின்விசிறி இல்லாமல் சேலை முந்தானையால் வீசிக்கொண்டு, பாவம் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தாள்.

ஆவணியில் சோலைராணிக்கு வேலை உத்தரவு வந்தது. நீலகிரி மலையில், கூடலூரில், நில அளவையர். புரட்டாசி முடிவதற்குள் போய்ச் சேரவில்லை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு அந்த வேலை வேண்டும். அப்படி இப்படி இல்லை, பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்கிற மாதிரி வேண்டும். சங்கிலி பிடித்து மலையைக் குறுக்கும் நெடுக்கும் அளக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒரு தரமாவது தன் வீட்டுச் சுவரில்லாத ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அதை எல்லோரிடமும் சொன்னாள்.

யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்படி முரட்டுத்தனமாகப் பேச மாட்டார்கள்.

"தாராளமா போ தாயி, உன் படிப்பு வீணாப் போகவா" என்றாள் வேலம்மாள். "கூடலூரு எந்தத் திக்குல இருக்கு?"

"வடமேக்கு அத்தை."

வேலம்மாள் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "வடக்கும் மேக்கும் சேந்துருக்கே. அப்ப செவ்வா, புதன் ஆகாது. வெள்ளி, ஞாயிறு ஆகாது."

"திங்கக்கிழமை போறேன்."

"இந்தத் திங்கள் கரிநாள். அடுத்த திங்கள் உனக்குச் சந்திராஷ்டமம்."

"வியாழக்கிழமை?"

"வியாழக்கிழமை பண்டல் லாரி ஏத்தணுமே, நான் எப்படிக் கூட வர?" என்றான் குணசீலன். அவன் கூட வர வேண்டும் என்று அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"சனிக்கிழமை?"

வேலம்மாள் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்து மருமகளைப் பார்த்தாள். சனிக்கிழமை வீட்டுப் பெண் பெட்டியைத் தூக்குவதா என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. அய்யாத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு, "அச்சடிச்சது நாமதானம்மா. நாமளே மீறுனா ஊரு என்ன சொல்லும்" என்றார்.

சோலைராணிக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தப் பொடியெழுத்து ஒவ்வொன்றையும் திருத்தியவள் அவள். தான் கட்டிய சுவரிலேயே தன் தலை மோதுகிற எரிச்சலோடு கேட்டாள். "பரிகாரம் இருக்குல்ல அத்தை. வடக்குக்குப் பால், மேக்குக்கு வெல்லம். பாலைக் குடிச்சிட்டு, வெல்லத்த வாயில போட்டுக்கிட்டுக் கிளம்புறேன். அவுகளுக்கு மட்டும் வைக்கிறீங்க."

"அவுக பயணம் போறவுக" என்றாள் வேலம்மாள், கொஞ்சமும் கோபமில்லாமல். "நீ வீட்டுல இருக்கிறவ."

ஒரு மாதம் இப்படியே நாள் பார்த்ததில் புரட்டாசி தீரப்போயிற்று. காலண்டரில் ஜப்பான்காரர்கள் ஒரு கணவாயைத் தாண்டி, ஏரியைத் தாண்டி, சத்திரத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். குணசீலன் அச்சாபீசிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "இன்னைக்கு எதுவரைக்கும் போயிருக்காக?" என்றுதான் கேட்பான். தன் வீட்டில் ஒருத்தி எதுவரைக்கும் போயிருக்கிறாள் என்று கேட்கத் தேவையில்லாமல் அவள் எதிரே தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை அடித்தது. ஊர் வழக்கப்படி தெருவே ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது. வேலம்மாள் கட்டிலில் சாய்ந்தாள், அய்யாத்துரை பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டார், குணசீலன் கேரம் ஆடப் போய்விட்டான். சுவரில் ஜப்பான்காரர்கள் மூட்டைகளை இறக்கிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். நல்ல நேரத்தில் கிளம்பினால் வாசலில் பத்து பேர் நின்று தடுப்பார்கள் என்பதும், இந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அந்த ஊரின் எந்த வாசலுக்கும் காவல் கிடையாது என்பதும் சோலைராணிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை காலம் பிழை திருத்தியும் இது கண்ணில் படவில்லையே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே இறங்கி நடந்தாள்.

கடைத்தெருவில் வாசல்தோறும் ஆட்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். பெட்டியோடு போகிறவளைப் பார்க்கவும் செய்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, மேற்கே சூலம், ராகு காலம், எவளாவது பயணம் போவாளா? ஆகவே அவள் பயணம் போகவில்லை.

"என்னத்தா சோலை, பெட்டி ஜிப்பு போயிருச்சா?" என்று கேட்டாள் எதிரே வந்த கோமதியக்கா.

"ஆமாக்கா."

"எங்கிட்ட குடுத்திருக்கலாம்ல, தச்சுக் குடுத்திருப்பேன்" என்று ஆதங்கப்பட்டுவிட்டுப் போனாள்.

மதுரை பஸ்ஸில் ஓட்டுநரையும் நடத்துநரையும் தவிர ஈ காக்கை இல்லை. இரண்டு பேரும் வெளியூர்க்காரர்கள். நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "இந்த நேரத்துல உங்க ஊர்க்காரங்க ஏற மாட்டாங்களேம்மா. நீங்க வெளியூரா?" என்று கேட்டார்.

"இனிமேல்" என்றாள் சோலைராணி. பஸ் ஊரெல்லையைத் தாண்டியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம், சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஏதாவது கெட்டது நடந்துவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை, திருமங்கலத்தில் டீ மட்டும் ஆறிப்போயிருந்தது.

வெயிலுகந்தபுரத்தில் விளக்கு வைக்கும்போதுதான் தேட ஆரம்பித்தார்கள். அவள் எழுதி வைத்துவிட்டுப் போன துண்டுச் சீட்டு, கூடலூருக்குப் போகிறேன் என்று தெளிவாகவே சாப்பாட்டு மேஜையில் இருந்தது. அதை எல்லோரும் வாசித்தார்கள், ஒருவரும் நம்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை மணிக்குக் காணாம போனாங்க?"

"நாலரைக்கும் ஆறுக்கும் நடுவுல" என்றார் அய்யாத்துரை.

எஸ்.ஐ. தன் தலைக்கு மேலே தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். "அப்ப பஸ்ல போயிருக்க வாய்ப்பே இல்லையேங்க."

பஸ்ஸில் போகவில்லை, வீட்டிலும் இல்லை, கிணற்றிலும் இல்லை என்றால் மிச்சம் இருக்கிற இடம் எது என்று ஊருக்குத் தெரியாதா? குணசீலன்தான் கண்டுபிடித்தான். அச்சாபீஸ் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு காலண்டரில் ஒவ்வொரு ஆளாகப் பார்த்து வந்தவன், கூட்டத்தின் பின்னால் அகலமான ஓலைத் தொப்பி போட்டு ஒரு பெண் நடப்பதைக் காட்டி, "அந்தா" என்றான். அந்தப் பெண் ஜனவரியிலிருந்தே எல்லோர் வீட்டுக் காலண்டரிலும் நடந்துகொண்டுதான் இருந்தாள், பெண் என்பதால் யாரும் எண்ணியிருக்கவில்லை. தொப்பி மறைத்ததில் முகம் தெரியவில்லை. மருமகளின் முகத்தை அதுவரை ஒழுங்காக ஏறிட்டுப் பார்த்திராத வீட்டுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று.

மருமகள் ஓடிப்போய்விட்டாள் என்று பேச வந்த சொந்தக்காரர்கள், மருமகள் யாத்திரை போயிருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பழத்தட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். வேலம்மாள் தினமும் காலண்டருக்கு மல்லிகைச் சரம் சாத்தினாள். குணசீலன் அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அச்சாபீசில் அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். நேரில் இருந்தவரை அவளிடம் சொல்ல அவனுக்கு ஒன்றும் இருந்ததில்லை. அய்யாத்துரை, தொப்பிக்காரியைப் பெரிதாக நடுவில் போட்டு அடுத்த வருஷக் காலண்டருக்கு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்தார். வேலைக்குப் போகிறேன் என்று கேட்கிற பெண்களுக்கு, சோலைராணியைப் பார், எவ்வளவு அடக்கமாகக் குனிந்த தலை நிமிராமல் நடக்கிறாள் என்று ஊரே உதாரணம் காட்டியது.

இதெல்லாம் கூடலூரில் இருந்தவளுக்குத் தெரியாது. அவள் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கோபமாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கார்த்திகையில் ஒரு நாள், தேயிலைச் சரிவில் அளவு வேலை நடுவில் மழை பிடித்துக்கொள்ள, சங்கிலிக்காரர்களை டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் நனைந்த சேலையோடு ஒதுங்கியவள், திட்டினால் திட்டட்டும் என்று வீட்டு நம்பரைச் சுற்றினாள்.

"அத்தை, நான் சோலைராணி பேசுறேன்."

"எந்தச் சோலைராணி?" என்றது வேலம்மாளின் குரல். அதில் கோபம் இல்லை. "எங்க சோலைராணி இங்கன சொவருலல்ல போய்க்கிட்டு இருக்கா. நீ யாரு தாயி?"

வேலம்மாள் பாவம் அன்றைக்கு வீட்டில் தனியாக இருந்திருக்க வேண்டும், பேச ஆள் கிடைத்ததும் நிறுத்தவில்லை. இந்த மாசத்துப் படம் ஒரே மழையாம், மூங்கில் காடு சாய்கிற மாதிரி அடிக்கிறதாம், பிள்ளை அதற்குள் மாட்டிக்கொண்டு மேடேறிப் போகிறாளாம், மற்றவர்கள் எல்லாம் ஓடி ஒதுங்கிவிட்டார்களாம், இவள் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறாளாம். அப்புறம் குரல் உடைந்தது. "மத்தியானம் என்னத்தச் சாப்பிட்டாளோ. யாரு இருக்கா அங்க, சாப்பிட்டியான்னு கேக்க."

சோலைராணிக்கு ரிசீவரைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவளிடம், சாப்பிட்டாயா என்று ஒரு வாய் கேட்டதில்லை. ஒரு காகிதத் தொப்பிக்காரிக்கு அந்த வார்த்தை இவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டதில் அவளுக்குப் பொறாமையாக இருந்தது, அழுகையும் வந்தது, அழுததற்காக இன்னும் கோபம் வந்தது. கண்ணாடிக்கு வெளியே மழை சாய்ந்து அடித்தது. சங்கிலிக்காரர்களில் மூத்தவர், போகலாமா என்று கையைக் காட்டிக் கேட்டார்.

"சாப்பிட்டாச்சு அத்தை. நான் பாத்தேன்" என்றாள்.

"நீ பாத்தியா? எங்க வச்சு?"

"ரோட்டுல. நானும் இந்தப் பக்கந்தான் இருக்கேன்."

வேலம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்கிற மாதிரி கெஞ்சினாள். "அப்ப அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு தாயி. மத்தவுக மாதிரி இல்ல, இவ நேரங்காலம் பாக்காம நடக்கா. நான் வெல்லம் வைக்கத்தான் செய்றேன். இருந்தாலும் ராகு காலத்துல மட்டும் நடக்க வேண்டாம்னு அத்தை சொன்னான்னு சொல்லு."

"சொல்றேன்" என்றாள் சோலைராணி. "ஆனா அவ கேக்க மாட்டா அத்தை."

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்து, சங்கிலியின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.